பொங்கலுக்குப் பிள்ளைகள் கையால் அச்சடித்த துணிப்பை: ஆரம்பம் முதல் கடைசி வரை

அரையாண்டு லீவில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பொங்கலுக்குச் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கத் துணிப்பை அச்சடிப்பது எப்படி என்று எழுதுகிறேன். வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, இலை, இவைதான் அச்சு. 3 வயதிலிருந்து 8 வயது வரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று வருடமாகச் செய்கிறோம். என் பிள்ளைகள் இரண்டு பேர், தெருவிலிருந்து வந்து சேரும் வாண்டுகள் நாலைந்து பேர், அவர்களோடு ஆர்வமாக வந்து பாதியில் தலையில் கை வைக்கும் அம்மாக்கள்.

முதல் தடவை செய்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், பிள்ளையைச் சீக்கிரம் கூப்பிட்டுவிடுகிறார்கள். மொத்த வேலையில் முக்கால்வாசி பெரியவர்கள் வேலை. அது முடிந்த பிறகு கூப்பிட்டால் போதும். துணியை வெட்டிக்கொண்டே, பாட்டில் மூடி திறக்காமல் பல்லால் கடித்துக்கொண்டே, "இரு கண்ணு, ஒரு நிமிஷம் இரு சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் சுவரெல்லாம் பெயிண்ட் ஆகிவிடும்.

1. முதலில் நாள் கணக்கு

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. அரையாண்டு லீவு டிசம்பர் கடைசி வாரம். இடையில் இருக்கும் மூன்று வாரமும் தேவைப்படும். அச்சடிக்கும் வேலை அரை நாள்தான், ஆனால் துணி அலசிக் காய ஒரு நாள், ஒவ்வொரு நிறமும் காய ஒரு நாள், இஸ்திரிக்கு ஒரு நாள், அப்புறம் தையல்காரர். பொங்கல் நெருங்க நெருங்க எந்தத் தையல்காரரும் பைக்கெல்லாம் முகம் கொடுக்க மாட்டார், ரவிக்கைகள் மலையாகக் குவிந்திருக்கும். ஜனவரி 3, 4 தேதிக்குள் துணி அவர் கைக்குப் போய்விட வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் நான் போகிக்கு இரண்டு நாள் முன்பு ஆரம்பித்தேன். ஈரம் காயாத பைக்குள் வெல்லத்தை வைத்துக் கொடுத்தேன், மேலே கேட்காதீர்கள்.

2. வாங்க வேண்டியவை

துணி: காடா துணி. வெளுக்காத, லேசான பழுப்பும் அங்கங்கே பருத்திக்கொட்டைத் தூசும் தெரிகிற முரட்டுத் துணி. முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதிப் பக்கம் துணிக்கடையில் "காடா" என்று கேட்டாலே எடுத்துப் போடுவார்கள். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், பெயிண்ட் மேலாகவே நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் இரண்டு நூல் பிரித்து எரித்துப் பாருங்கள்: பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், கலப்பு உருகிக் குண்டாகக் கெட்டிப்படும்.

கணக்கு இப்படி: ஒரு பைக்கு 40 செ.மீ. அகலம், 85 செ.மீ. நீளம். துணி 1 மீட்டர் அகலம் இருந்தால் பக்கத்தில் பக்கம் 2 பை, மிச்ச ஓரத்தில் கைப்பிடி. 6 பைக்கு 2.55 மீட்டர் வருகிறது, ஆனால் காடா முதல் அலசலில் நன்றாகவே சுருங்கும், அதனால் 2.75 மீட்டர் வாங்குங்கள்.

மஞ்சப்பைத் துணியிலேயே செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதில் மஞ்சளும் ஆரஞ்சும் தெரியாது, நீலம் பச்சையாகத் தெரியும், ஏனென்றால் துணி பெயிண்ட் பெரும்பாலும் அடியில் இருக்கும் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும். அடர் சிவப்பு அல்லது அடர் பச்சை ஒரே நிறம் என்றால் மஞ்சப்பை அழகாகவே இருக்கும்.

பெயிண்ட்: துணிக்கென்று விற்கிற அக்ரிலிக் பெயிண்ட்தான். பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலர் முதல் அலசலில் ஓடிவிடும், வாட்டர் கலரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று நிறம் போதும். எங்களுக்கு 6 பைக்கு மஞ்சளில் இரண்டு சின்ன பாட்டில், சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொன்று சரியாக இருந்தது. நிறம் அதிகமானால் சண்டையும் அதிகம், எல்லாம் கலந்து கடைசியில் எல்லாப் பையும் சாணி நிறத்தில் முடியும்.

இயற்கை நிறம் வேண்டும் என்று மஞ்சளைக் கரைத்து அடிக்க ஆசைப்படுகிறவர்கள் வருடத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, சோப்பிலும் அதேதான் நடக்கும். பையைச் சோப்பு போட்டு அலசியதும் மஞ்சள் பூவெல்லாம் செங்கல் நிறத் திட்டாக மாறும், அதற்கு மேல் வெயிலில் வெளுத்துப்போகும். பீட்ரூட்டும் துணியில் நிற்காது. இரண்டையும் காகிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாயில் கை வைக்கிற வயதுக் குழந்தைக்கு அதுதான் நல்லது.

மற்றவை வீட்டிலேயே இருக்கும்: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் புதிதாக மூன்று, தூக்கிப்போடும் தட்டுகள், பழைய பெட்ஷீட், நியூஸ்பேப்பர், மாஸ்கிங் டேப், பிரவுன் ஷீட், தேங்காய் எண்ணெய்.

3. துணியின் கஞ்சியை எடுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், இரண்டு மாதம் கழித்து வருத்தப்படுகிறவர்களும் அவர்களே. தறியில் நெய்யும்போது பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். கடையில் வாங்கும் காடாவில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். அதன் மேல் அச்சடித்தால் பெயிண்ட் கஞ்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், துணியைப் பிடிக்காது. அலசும்போது கஞ்சியோடு சேர்ந்து கிளம்பிவிடும். முதல் வருடம் உரிந்துபோன பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுத் தறிக்காரத் தாத்தாவிடம் காட்டினேன். விரலால் ஒரு தேய் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கஞ்சி போகாத துணியில பெயிண்ட்டு எங்க பாப்பா புடிக்கும்?" என்றார். அவ்வளவுதான் பாடம்.

கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், சலவைத்தூள், ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா. இரண்டு மணி நேரம் ஊற வைத்து, கசக்கி, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். மறுபடி ஒரு தடவை வெறும் வெந்நீரில். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் எதுவும் போடக்கூடாது, அதுவும் ஒரு படலமாகப் படிந்து பெயிண்ட்டைத் தடுக்கும்.

போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, காய்ந்த துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார். மணி மாதிரி உருண்டு நின்றுகொண்டு யோசித்தால் இன்னொரு தடவை அலச வேண்டியதுதான்.

4. வெட்டுங்கள், தைக்காதீர்கள்

ரெடிமேடாகத் தைத்த பை வாங்கி அச்சடிப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் தையல் விளிம்பு மேடாக இருக்கும், அதன் மேல் அச்சு பாதி விழும், பாதி விழாது. பெயிண்ட் உள்ளே இறங்கி மறுபக்கமும் ஒட்டும். தட்டையான துணியாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஒரு துண்டு கெட்டுப்போனாலும் அதைக் கைப்பிடிக்கு வெட்டிக்கொள்ளலாம். கையில் இருப்பது தைத்த பைதான் என்றால் உள்ளே அட்டை வைத்துவிட்டு அடியுங்கள்.

அலசி இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள், முன்னால் வெட்டினால் சுருங்கி ஆளுக்கு ஒரு அளவில் வரும். 85 செ.மீ. நீளத்தைப் பாதியாக மடித்து, மடிப்பில் பென்சிலால் கோடு போடுங்கள், பையின் அடிப்பக்கம் அது. இரண்டு ஓரத்திலும் 1.5 செ.மீ., மேலும் கீழும் 2.5 செ.மீ. தையலுக்குப் போகும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த டேப்பே பிள்ளைகளுக்கு எல்லைக்கோடு. ஒரு விஷயம்: மடிப்புக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அடிக்கும் படம் தைத்த பிறகு தலைகீழாக இருக்கும். அங்கே அடிக்கும்போது துணியைத் திருப்பிப் போட வேண்டும். பொங்கல் பானை தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும் பை ஒன்று என் அண்ணி வீட்டில் இன்றைக்கும் காய்கறி வாங்கப் போகிறது.

5. அச்சுகள்

இதைக் காலையிலேயே செய்து வையுங்கள். கத்தி வேலை முழுக்கப் பெரியவர்களுடையது, பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

வெண்டைக்காய்தான் ராஜா. குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து அறையோடு தானாகவே பூ வடிவம், செதுக்க ஒன்றுமே இல்லை. பிஞ்சு வேண்டாம், கொஞ்சம் முற்றியதாக, கடைக்காரர் ஒதுக்கிப் போட்டதை எடுங்கள். முற்றியதில் அறைச்சுவர் தடியாக இருப்பதால் கோடு தெளிவாக விழும். காம்பிலிருந்து ஒரு விரல் நீளம் விட்டு, ஒரே இழுப்பில் நேராக வெட்டுங்கள், சாய்ந்தால் பூவின் ஒரு பக்கம் மட்டும்தான் துணியைத் தொடும். வெட்டியதும் கொழகொழவென்று கசியும் அல்லவா, அதோடு அடித்தால் பெயிண்ட் வழுக்கும், பூவுக்குப் பதில் ஒரு வட்டச் சேறு. வெட்டுவாயைப் பழைய துணியில் ஒற்றி, அரை மணி நேரம் காற்றில் வைத்துவிட்டு மறுபடி ஒற்றுங்கள். 20, 25 அச்சுக்குப் பிறகு நுனி நைந்துவிடும், அப்போது மெல்லிசாக ஒரு வில்லை சீவி எறிந்தால் புதுப் பூ. ஒரு பிள்ளைக்கு நாலு வெண்டைக்காய் எடுத்து வையுங்கள், ஒன்றை யாராவது கடித்துவிடுவார்கள்.

உருளைக்கிழங்கை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, கழுத்து வரும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னதாகச் செதுக்கினால் பொங்கல் பானை. வெட்டு மட்டமாக இருக்கிறதா என்று ஈரக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பாருங்கள், ஆடினால் அந்த அச்சு விழாது. கிழங்குச் சாறு பெயிண்ட்டை நீர்க்கச் செய்யும், அதனால் வெட்டுப்பக்கத்தைக் கீழே வைத்துப் பழைய துணியின் மேல் 15 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். முதுகில் ஒரு பழைய முள்கரண்டியைக் குத்திவிட்டால் சின்னக் கைக்குக் கைப்பிடி. 3 வயதுக் கைக்குக் கிழங்கு பெரிசு, அவர்களுக்குக் கேரட் கொடுங்கள், நீளமாக இருப்பதால் பிடிக்க வசதி, வட்டம்தான் வரும், அது போதும்.

வாழைத்தண்டு குறுக்கே வெட்டினால் வளையங்கள், நல்ல சூரியன். ஆனால் நார் இழுக்கும், தண்ணீரும் அதிகம், ஒரு மணி நேரமாவது காய வேண்டும். வாழை மட்டையை வெட்டினால் தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக ஒரு பிறைவடிவம் கிடைக்கும், பெரிய பிள்ளைகள் இதை விட மாட்டார்கள். கரும்புக்கு மட்டும் காய்கறி தேட வேண்டாம்: 10 செ.மீ. அட்டைத் துண்டின் விளிம்பைப் பெயிண்ட்டில் ஒற்றி இரண்டு கோடு பக்கத்தில் பக்கம், குறுக்கே கணுவுக்குச் சின்ன அட்டை. முடிந்தது.

6. பிள்ளைகள் வரும் முன் தரை எப்படி இருக்க வேண்டும்

மேஜை வேண்டாம், தரைதான் வசதி. பிள்ளை எழுந்து நின்று உடம்புப் பாரத்தை மேலிருந்து இறக்கலாம். முதலில் நியூஸ்பேப்பர், அதன் மேல் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து, அதன் மேல் காடாத் துணி. அடியில் மெத்தென்று இருந்தால்தான் அச்சின் எல்லாப் பகுதியும் துணியைத் தொடும். வெறும் சிமெண்ட் தரையில் அடித்தால் விளிம்பு மட்டும் விழும், நடுவில் வெள்ளையாக நிற்கும். துணியின் நாலு மூலையையும் டேப் போட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் அச்சோடு துணியும் எழுந்து வரும்.

ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து தட்டில் வைத்து, அதன் மேல் பெயிண்ட்டை ஸ்பூனால் மெல்லிசாகத் தடவுங்கள். ஸ்டாம்ப் பேட் தயார். பெயிண்ட்டைத் தட்டில் நேரடியாக ஊற்றி வைத்தால் பிள்ளை அதில் சட்னியைத் தொடுவதுபோல் தொட்டுத்தான் எடுக்கும். அப்படி எடுத்த அச்சு துணியில் பட்டதும் பக்கவாட்டில் பிதுங்கி வடிவமே தெரியாமல் போகும். தண்ணீர் ஊற்றி நீர்க்கவும் விடாதீர்கள், நூல் வழியே கசிந்து பரவும்.

ஒரு தட்டுக்கு ஒரு நிறம், ஒரு நிறத்துக்கு ஒரு அச்சு. இரண்டு பிள்ளைகள் என்றால் எல்லாமே இரண்டு செட், பகிர்ந்துகொள்ளும் பாடத்தை வேறொரு நாள் நடத்திக்கொள்ளலாம்.

பழைய பனியன், கையில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். அக்ரிலிக் தோலில் காய்ந்தால் சுலபத்தில் போகாது, எண்ணெய் இருந்தால் உரிந்து வந்துவிடும். ஆனால் எண்ணெய்க் கையோடு துணியைத் தொடக்கூடாது, அதனால் புறங்கையிலும் நகக்கண்ணிலும் மட்டும் போதும். கை எட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துண்டு. பாத்ரூம் வரை ஓடவிட்டால் வழியில் கதவு, சுவிட்ச், பாட்டியின் வெள்ளைப் புடவை எல்லாம் இருக்கிறது.

7. முதலில் காகிதம்

இப்போது கூப்பிடுங்கள். ஆனால் துணியில் வேண்டாம், பிரவுன் ஷீட்டை விரித்துக் கொடுங்கள். அச்சு எவ்வளவு பெயிண்ட் குடிக்கிறது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கைக்குப் பிடிபடப் பத்துப் பதினைந்து அச்சாவது ஆகும். அதை நியூஸ்பேப்பரில் செய்யச் சொன்னால், "இது குப்பைக்குத்தானே?" என்று ஐந்து வயதுக்குக்கூடப் புரிந்துவிடுகிறது, கவனமில்லாமல் அடிக்கிறார்கள். பிரவுன் ஷீட் என்றால் பையின் உள்ளே வைக்கும் பொட்டலங்களுக்கு அதுதான் உறை, உண்மையிலேயே பயன்படப் போகிறது, அதனால் பார்த்து அடிக்கிறார்கள். பெயர் எழுதித் தொங்கவிடும் அட்டைகளையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

உறையை ஒட்டப் பசை வாங்க வேண்டாம். மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு பசை வாங்குவதாவது? மரவள்ளிக்கிழங்கு மாவு இரண்டு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே கொதிக்க விட்டு, கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்குங்கள். வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகப் போகும். குழந்தை நக்கினாலும் பயமில்லை. இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் நாறும்.

8. துணியில்

சொல்லிக்கொடுக்க வேண்டியது மூன்றே அசைவு: ஸ்பாஞ்சில் ஒற்று, துணியில் வைத்து அமுக்கி மூன்று எண்ணு, நேராகத் தூக்கு. பிள்ளைகள் இயல்பாகச் செய்வது இதற்கு நேர் எதிர். அமுக்கிவிட்டு மணிக்கட்டை லேசாகத் திருகுவார்கள், இன்னும் அழுத்தமாக விழட்டும் என்று. பூ சுழன்று மங்கிவிடும். "திருகாதே" என்று பத்துத் தடவை சொன்னாலும் நடக்காது. "யானை கால் வைக்குது... ஒண்ணு, ரெண்டு, மூணு... யானை காலைத் தூக்குது" என்று நாங்கள் சொல்கிறோம், யானை காலைத் திருகாது என்பது அவர்களுக்கே தெரியும் போல, மணிக்கட்டு நேராக நிற்கிறது.

ஒரு தடவை ஒற்றினால் ஒரே அச்சு. இரண்டாவது மங்கலாக விழும், அதையும் சிலர் வேண்டுமென்றே செய்வார்கள், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை 8 வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. மஞ்சள் அச்சு சிவப்பின் மேல் விழுந்தால் தெரியவே தெரியாது, சிவப்பு மஞ்சளின் மேல் விழுந்தால் நன்றாக இருக்கும், அதனால்தான் இந்த வரிசை. அன்றைக்கு மஞ்சளோடு நிறுத்துங்கள். ஒரே நாளில் எல்லா நிறமும் அடிக்க விட்டால் ஈரத்தின் மேல் கையை ஊன்றுவார்கள், முழங்காலை வைப்பார்கள். இரண்டாவது நிறத்தை மறுநாள் வைத்தால் பிள்ளைக்கும் நாளைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

மேலிருந்து கீழே, தனக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்துத் தன்னை நோக்கி வரச் சொல்லுங்கள், அப்போது அடித்ததின் மேல் கை படாது. இடது கைப் பிள்ளை என்றால் வலது ஓரத்திலிருந்து. என் பெரியவள் இடது கை, அவள் பைகள் மட்டும் ஏன் எப்போதும் இழுவிக்கிடக்கின்றன என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

4 வயதுக்கு 20 நிமிடம் கவனம் நிற்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கை வேகமாகி, ஒரே இடத்தில் டமால் டமாலென்று விழ ஆரம்பித்தால் நேரம் முடிந்தது என்று அர்த்தம், அப்போதே வாளியில் கையை முக்கித் துடைத்து இறக்கிவிடுங்கள்.

அப்புறம், திருத்தக்கூடாது. பூ வரிசையில் ஓர் இடைவெளி விட்டுப்போயிருக்கும், உங்கள் கை துடிக்கும். பிள்ளை தூங்கிய பிறகு நீங்கள் உட்கார்ந்து "சரி செய்த" பையை மறுநாள் காலையில் கண்டுபிடித்துவிடுவார்கள், "இது நான் வெச்சது இல்ல" என்று சின்னவன் அந்த ஒரு பூவின் மேல் விரலை வைத்துச் சொன்னான். அந்தப் பையை யாருக்கும் கொடுக்கவும் விடவில்லை.

9. இலை அச்சு

இது தனி ருசி, பொறுமையும் கொஞ்சம் அதிகம் வேண்டும், 6 வயதுக்கு மேல் சரியாக வரும். சேலத்துக்குள் என்றால் கொய்யா இலையும் பூவரச இலையும் முதல்தரம், பின்பக்க நரம்பு புடைத்து நிற்கும். மாவிலை பார்க்க அழகு, ஆனால் விறைப்பு, வழவழப்பு, அச்சு மொத்தையாக விழும். கறிவேப்பிலை கிழியும்.

எங்களுக்கு ஏற்காட்டில் அக்கா வீடு. அங்கே சில்வர் ஓக் மரத்தடியில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொள்வோம், சீப்பு சீப்பாகப் பிரிந்த இலை, நல்ல வடிவம். மரத்திலிருந்து பச்சையாகப் பறித்துக் கசக்க விடாதீர்கள், சிலருக்குத் தோல் அரிக்கும். பாதையோரத்துப் பெரணியில் ஒரு வகை இருக்கிறது, பின்பக்கம் வெள்ளைப் பொடி படிந்தது. புறங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் இலை அப்படியே வெள்ளையாக விழும். மலைப் பிள்ளைகளுக்கு இது தெரியும். எந்த விளக்கமும் இல்லாமல் அச்சு என்றால் என்ன என்று புரிய வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நரம்புப் பக்கம்தான் விழும், லேசாகத் தட்டினாலே போதும், இரண்டையும் அந்த ஒரு தட்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

இலையைத் துடைத்து, நியூஸ்பேப்பருக்குள் வைத்து, மேலே கனமான புத்தகம், இரண்டு மணி நேரம். சுருண்ட இலை துணியில் படியாது. அப்புறம் நரம்புப் பக்கம் மேலே வைத்து ஸ்பாஞ்சால் தட்டித் தட்டிப் பெயிண்ட் ஏற்றுங்கள், பிரஷால் இழுத்தால் நரம்புக்கு நடுவில் குளமாகத் தேங்கும். பெயிண்ட் பக்கத்தைத் துணியில் கவிழ்த்து, மேலே ஒரு காகிதம், பிள்ளை உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தேய்க்கட்டும். காகிதத்தை முதலில் எடுங்கள், அப்புறம் காம்பைப் பிடித்து இலையை. இரண்டையும் சேர்த்து எடுத்தால் இலை நழுவித் துணியில் கோடு இழுத்துவிடும்.

10. எழுத்து வேண்டுமென்றால்

கிழங்கில் செதுக்காதீர்கள். இடம் வலம் மாறும் என்பது தெரிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்து "பொ" செதுக்கினேன், துணியில் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி விழுந்தது, கொம்பும் காலும் இடம் மாறி. பழைய எக்ஸ்ரே ஷீட்டில் எழுத்தை வெட்டி ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், கோலம் போடும் தகடு மாதிரிதான். துணியில் டேப்பால் ஒட்டி, கிட்டத்தட்டக் காய்ந்த ஸ்பாஞ்சால் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒற்றச் சொல்லுங்கள். ஈரம் அதிகமானால் அடியில் புகுந்து எழுத்து வீங்கும்.

11. காய வைப்பது

கொடியில் போடாதீர்கள். காற்றில் துணி மடிந்து தன் மேலேயே ஒட்டும், அச்சுக்குப் பக்கத்தில் ஆவி மாதிரி இன்னோர் அச்சு தோன்றும். நிழலில், தட்டையாக, மூலைக்கு ஒரு கல்.

சேலத்தில் டிசம்பர் வெயிலுக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. மார்கழிப் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். ஏற்காட்டில் கதை வேறு. ஒரு வருடம் அங்கே போய் அடித்தோம், இரவெல்லாம் வராந்தாவில் கிடந்த துணி காலையில் தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது, மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர் அது. பத்து மணிக்கு மேல் மூட்டம் விலகியதும் காப்பிக்கொட்டை காயும் களத்தின் ஓரத்தில் விரித்தோம். மத்தியானத்துக்குள் காய்ந்தது, நாய் ஒன்று குறுக்கே நடந்து தன் பங்குக்கு நாலு அச்சு வைத்துவிட்டும் போனது. மலையில் இருக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

12. இஸ்திரி

கடைசி நிறம் அடித்து ஒரு முழு நாள் ஆன பிறகு, துணியைப் புரட்டிப்போட்டுப் பின்பக்கம் இஸ்திரி. பருத்திச் சூடு, நீராவி இல்லாமல், ஒவ்வோர் இடத்திலும் பெட்டியை நகர்த்திக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம். சூட்டில்தான் பெயிண்ட் இளகி நூலோடு இறுகும். முன்பக்கம் நேரடியாக வைத்தால் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிக்கடை அண்ணனிடம் கொடுக்கலாம் என்றால், கரிப்பெட்டியில் சாம்பல் விழுந்தாலும் விழும், முதல் தடவை வீட்டிலேயே செய்துவிடுங்கள். பாட்டில் மேல் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி.

இஸ்திரி போட்ட பிறகும் மூன்று நாள் தண்ணீரில் போடக்கூடாது. கொடுக்கும்போதே, "உள்பக்கம் வெளியே திருப்பிப்போட்டு, பச்சைத் தண்ணீரில் அலசுங்க, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.

13. தையல், பொட்டலம்

தையல்காரரிடம் எது மேல்பக்கம் என்று துணியிலேயே பென்சிலால் எழுதிக் கொடுங்கள். கைப்பிடிக்கு இரட்டை மடிப்பு, சதுரமாகக் கட்டம் போட்டு அதற்குள் குறுக்குத் தையல், அரிசி தாங்க வேண்டும்.

உள்ளே என்ன வைப்பது உங்கள் விருப்பம். நாங்கள் அரைப் படி பச்சரிசி, உருண்டை வெல்லம் இரண்டு, பாசிப்பருப்பு ஒரு பிடி, ஏற்காட்டு மிளகு கொஞ்சம், எல்லாம் பிள்ளைகள் அச்சடித்த பிரவுன் உறையில். வெல்லத்தை மட்டும் முதலில் வாழை இலையில் சுற்றி அப்புறம் காகிதத்தில் வையுங்கள், இல்லையென்றால் இளகி உறையெல்லாம் பிசுக்காகிவிடும். யாருக்கு எந்தப் பை என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். போன வருடம் நாய்க்கால் பதிந்த பை அத்தைக்கு என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன், இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பால்காரத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர்தான் நாய் வளர்க்கிறாராம்.